உதகையில் விதி எழுதிய படை அதிகாரி: ஸ்நூக்கரைத் தந்த நெவில் சேம்பர்லின்

உதகமண்டலம்: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள குரூசிபிள் நாடக அரங்கில் 1977-ம் ஆண்டு முதல் உலக தொழில்முறை ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப் நடைபெற்று வருகிறது. ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகளே கொண்ட அந்தச் சிறிய அரங்கில் ஆட ஏங்காத ஸ்நூக்கர் வீரர் இல்லை. ஆனால், அந்த ஆட்டம் பிறந்தது மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில்; அதற்கு விதி எழுதப்பட்டது தமிழகத்தின் உதகையில். இரண்டுக்கும் காரணமாக இருந்தவர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லின்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லின் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் இன்றளவும் குழப்பம் நேர்கிறது.

இந்தியப் படையில் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் மகனாக 1856-ம் ஆண்டு ஜனவரி 13-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்த சேம்பர்லின், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று 1873-ல் டெவன்ஷைர் படைப்பிரிவில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் ஜபல்பூர் முகாமில் இருந்தார். 1875-ம் ஆண்டு மழைக்காலம். வெளியே செல்ல வழியின்றி அதிகாரிகள் உணவு விடுதியின் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியே பொழுதைக் கழித்தனர். பந்தயம் வைத்து ஆடும் பிரமிட், லைஃப் பூல், பிளாக் பூல் ஆகிய ஆட்டங்கள் அப்போது பிரபலம். பிரமிட் ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகள் முக்கோணமாக அடுக்கப்படும். அவற்றுடன் வேறு வண்ணப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்க்கலாமே என்று 19 வயது சேம்பர்லினுக்குத் தோன்றியது. நீலமும் பழுப்பும் பின்னரே சேர்ந்தன.

பெயர் வந்த விதம் வேடிக்கையானது. இங்கிலாந்தின் ஊல்விச் ராணுவக் கல்விக்கூடத்தில் முதலாண்டு மாணவர்களை ஸ்நூக்கர் என்று கேலியாக அழைப்பது வழக்கம் என்பதை அங்கு பயின்ற இளம் அதிகாரி ஒருவர் மூலம் சேம்பர்லின் அறிந்தார். சக வீரர் ஒருவர் எளிய பந்தைக் குழியில் தள்ளத் தவறியபோது, அவரை அப்படியே அழைத்துக் கிண்டல் செய்தார். பிறகு, அவர் மனம் நோகாதிருக்க, இந்த ஆட்டத்தில் தாங்கள் அனைவருமே ஸ்நூக்கர்கள்தான் என்று சமாதானம் கூறினார். கேலிச்சொல்லே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது.

ஆப்கானிஸ்தான் போரில் தளபதி பிரடரிக் ராபர்ட்ஸின் கீழ் பணியாற்றிய சேம்பர்லின், ராபர்ட்ஸ் 1881-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியானபோது அவருடன் தெற்கே வந்தார். சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக இருந்த உதகையில் 1841-ல் தொடங்கப்பட்ட ஊட்டி கிளப்பில் ஸ்நூக்கர் விருப்பமான ஆட்டமாயிற்று. அதுவரை வாய்மொழியாக இருந்த விதிகள் 1882-ல் எழுத்து வடிவம் பெற்று, கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. 1885-ல் கல்கத்தா வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், கூச் பிகார் மகாராஜாவுடனான விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டறிந்து தாயகம் கொண்டு சென்றார்.

சேம்பர்லினின் வாழ்க்கை விளையாட்டோடு நிற்கவில்லை. பர்மா, காஷ்மீர், கைபர் எல்லை, தென்னாப்பிரிக்கா எனச் சுற்றியவர், 1900-ல் அயர்லாந்து காவல்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சர் பட்டமும் பெற்றார். 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. விசாரணை ஆணையம் அரசு நிர்வாகத்தையே அதிகம் குறைகூறியபோதும், அவ்வாண்டே அவர் பதவியிலிருந்து விலகினார். அந்நிய ஆட்சியின் அதிகாரியாக அவர் ஆற்றிய பணிகளை இன்று நினைவுகூர்வோர் குறைவு.

இதனிடையே அவரது ஆட்டம் தனியே வளர்ந்தது. ஜோ டேவிஸின் முயற்சியால் 1927-ல் முதல் உலக தொழில்முறை சாம்பியன்ஷிப் நடந்தது. பர்மிங்காமில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் டாம் டென்னிஸை 20-11 என வென்ற டேவிஸுக்குக் கிடைத்த பரிசு ஆறரை பவுண்டு. 1946 வரை 15 முறை அவரே சாம்பியன். ஆட்டம் புகழ்பெற்றபோது, அது ஊல்விச்சில் தோன்றியது என்ற கூற்றும் பரவியது.

82 வயதில் சேம்பர்லின் மறுப்புத் தெரிவிக்க நேர்ந்தது. 1938 மார்ச்சில் தி ஃபீல்டு இதழுக்கு எழுதிய கடிதத்தில், ஜபல்பூரில் தாமே ஆட்டத்தை வகுத்ததாக விளக்கினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தைய உரிமைகோரல் என்பதால் ஐயம் எழுவது இயல்பே. எனினும், எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி மறு ஆண்டு அவருக்கு ஆதரவாக எழுதினார். அதன் பின்னர் இந்த வரலாறே பரவலாக ஏற்கப்பட்டது.

1944-ம் ஆண்டு மே 28-ம் தேதி, 88-வது வயதில் சேம்பர்லின் காலமானார். போர் காரணமாக உலக சாம்பியன்ஷிப் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. முதல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் போட்டி 1963-ல் கல்கத்தாவில் நடைபெற்றது. உதகையில் விதிகள் ஒட்டப்பட்ட அந்தக் கிளப் இன்றும் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகள் அந்த அறையை எளிதில் பார்த்துவிட முடியாது.