காந்தத்தினின்று மின்சாரம் கண்ட மைக்கேல் பாரடே

கல்லூரியில் கால் வைக்காதவர்க்கு விஞ்ஞான உலகம் வாயில் திறவாது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழை என்பதற்கு மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை தக்க சான்றாகும். நம் காலனிச் சிறுவர் சிறுமியர் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அது.

லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பாரடே பிறந்தார். தந்தையாரோ நோயாளி. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. 1804இல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஏழாண்டுகள் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பயின்றார். பைண்டு செய்ய வந்த நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின. கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்ட மின்சாரக் கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

1812இல் கடைக்கு வரும் கனவான் ஒருவர் அளித்த சீட்டினால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களுடன் எழுதி, தாமே அழகாகப் பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது.

1820இல் டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாரடே, மின்சாரம் ஓடும் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றிவரும்படி செய்து காட்டினார். நம் வீட்டு மின்விசிறி சுழல்வதற்கு வித்து அதுவே. 1825இல் ஸ்டர்ஜன் என்பவர் தேனிரும்பின்மேல் செப்புக் கம்பி சுற்றி மின்காந்தம் அமைத்தார். செருப்புத் தைக்கும் தொழில் பயின்று, படைவீரராயிருந்தவர் அவர். மின்சாரம் ஓடும்வரை அவ்விரும்பு காந்தமாயிருக்கும்; நின்றதும் காந்த சக்தி நீங்கும். எஃகோ, ஏறிய காந்த சக்தியை எளிதில் விடாது.

மின்சாரம் காந்தத்தைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தராதா? இவ்வினா பாரடேயைப் பல ஆண்டுகள் விடாது பற்றியிருந்தது. முயற்சிகள் பல வீணாயின. 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு புறமும் தனித்தனிக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் பாட்டரியை இணைத்த கணத்தில், மற்றதன் கம்பிக்கருகில் இருந்த காந்த ஊசி துடித்து, உடனே ஓய்ந்தது. இணைப்பை நீக்கிய கணத்தில் மீண்டும் துடித்தது. அக்டோபர் 17ஆம் நாள், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியும் இழுத்தும் மின்சாரம் உண்டாக்கினார். காந்தம் வாளா இருந்தால் பயனில்லை. மாற்றம் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. டைனமோ இதிற் பிறந்தது. மின்சார ரயிலில் 25,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மரும் அவ்வளையத்தின் வழித்தோன்றலே.

உயர்கணிதம் அறியாத பாரடே, காகிதத்தின் கீழ்க் காந்தத்தை வைத்து இரும்புத் தூளைத் தூவி, அது காட்டிய கோடுகளைக் கொண்டே சிந்தித்தார். வெறுங் கற்பனையென்று அறிஞர் பலர் ஒதுக்கிய அக்கோடுகளுக்குப் பின்னாளில் மாக்ஸ்வெல் கணித வடிவம் தந்தார்.

ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது பாரடே அதனை ஏற்கவில்லை. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளையோ பல்லாண்டுகள் விருப்புடன் நிகழ்த்தினார். 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் மறைந்தார்.

குழந்தைகளே! ஓர் இரும்பு ஆணியின்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுங்கள். கம்பியின் முனைகளைச் சுரண்டி, டார்ச் பாட்டரி ஒன்றில் சில வினாடிகள் மட்டும் தொடுத்துப் பாருங்கள். குண்டூசிகள் ஓடி வந்து ஒட்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யலாகாது. சுற்றுக்களைக் கூட்டினால் என்ன ஆகும்? பிறரைக் கேளாமல் நீங்களே செய்து காணுங்கள். பாரடே கற்ற பள்ளி அதுவே.