முறுக்கிய இழையில் எழுந்த வானூர்தி

மணலி புதுநகரின் மொட்டைமாடிகளில் மாலைக் கடற்காற்று எழும் வேளையில், சிறுவர் கைகளிலிருந்து காகித ராக்கெட்டுகள் புறப்படும். சில தலைகுப்புற விழும். சில மூக்கை உயர்த்தித் திணறிப் பின்னர்ச் சரியும். ஏதேனும் ஒன்று மட்டும் எதிர்வீட்டுச் சுவரையும் கடந்து செல்லும். பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி மடித்தால் ராக்கெட் குப்புற விழாது என்பதை எவரும் கற்பிக்காமலேயே அச்சிறுவர்கள் அறிந்திருக்கிறார்கள். அந்தச் சிறு மடிப்புக்குள் இருக்கும் அறிவியலைத் தெளிவாக வகுத்து, அறிஞர் பலர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டியவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அல்போன்ஸ் பேனோ. இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் செய்து போட்டியிடும் கட்டற்ற மாதிரி வானூர்திகளுக்கு அவரே முன்னோடி.

கட்டற்ற மாதிரி வானூர்தி என்பதன் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். காத்தாடிக்கு நூல் உண்டு. இன்றைய பொம்மை விமானங்கள் பலவற்றுக்கு வானொலி அலைவழிக் கட்டுப்பாடு உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. கையை விட்டு நீங்கிய நொடியிலிருந்து அதை எவராலும் திருப்பவோ திருத்தவோ இயலாது. காற்று எப்பக்கம் தள்ளினாலும் தானே நிமிர்ந்து, தானே சமன்செய்து பறக்க வேண்டும். ஓட்டுபவன் இன்றி இயங்கும் வானூர்தியைப் புறநானூறு பேசுகிறது. அது புலவரின் கற்பனை. அதைக் கொண்டு அக்காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது என்று வாதிடுவது இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் நன்மை செய்யாது. ஆயினும் ஓட்டுபவன் இல்லாத ஊர்தி எவ்வாறு நிலைகுலையாமல் செல்லும் என்ற வினா மிக நல்ல வினா. அவ்வினாவே பேனோவின் வாழ்நாளை ஆட்கொண்டது.

அவர் 1850 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். கடற்படையில் உயர் பதவி வகித்தவர் அவருடைய தந்தை. மகனும் கடலுக்கே செல்வான் என்று குடும்பம் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆனால், இடுப்பு மூட்டைத் தாக்கிய நோய் அவரை இளமையிலேயே ஊன்றுகோலின் துணையை நாடச் செய்தது. கப்பலின் மேல்தளத்தில் உறுதியாக நிற்க முடியாத இளைஞருக்குக் கடற்படையின் கதவு அடைபட்டது. அவர் தம் கண்களை வானத்தின்பால் திருப்பினார்.

காலமும் அதற்கு இசைவாகவே இருந்தது. 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டது. நகரை விட்டு வெளியேற வேறு வழியில்லாத நிலையில், கடிதங்களையும் மனிதர்களையும் சுமந்துகொண்டு 60 க்கும் மேற்பட்ட பலூன்கள் பகைவரின் தலைக்கு மேலே பறந்து சென்றன. வான்வழிப் பயணம் வேடிக்கை என்ற நிலை மாறித் தேவையாயிற்று. எனினும், பலூன் காற்றின் அடிமை. காற்று செல்லும் திசையிலேயே அது செல்லும். காற்றைவிடக் கனமான ஊர்தி ஒன்று தன் ஆற்றலால் பறக்க முடியுமா என்பதே அறிஞர் பலரின் ஐயம்.

பறக்கும் பொம்மைகளைச் செய்தவர்கள் பேனோவுக்கு முன்பும் இருந்தனர். அவர்கள் திமிங்கில எலும்பை வில்லாக வளைத்தும், கடிகாரச் சுருள்வில்லைப் பொருத்தியும் விசை பெற்றனர். வில் ஒரு நொடியில் ஓய்ந்துவிடும். சுருள்வில்லோ பளு மிகுந்தது. பேனோ கையில் எடுத்தது ரப்பர் இழையை. அதை இழுத்து விடாமல், முறுக்கி விட்டார். முறுக்கேறிய இழை தன் ஆற்றலை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், சிறிது சிறிதாக வழங்கிச் சுழல்விசிறியை நெடுநேரம் சுற்றியது. எளிய செயல்தான், ஆயினும் அதற்கு முன் எவருக்கும் அது கைகூடவில்லை. 1870 இல் இம்முறையால் செங்குத்தாக மேலெழும் சிறு பொம்மை ஒன்றைப் பறக்கவிட்டார். (ரப்பரின் அருமையை வடசென்னை மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1946 இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மைப் பலூன் தொழிலே பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது.)

அடுத்த ஆண்டில் அவர் செய்ததே வரலாற்றில் நிலைத்தது. 1871 ஆகஸ்டு 18 ஆம் நாள், பாரிசின் துய்லெரி பூங்காவில் வான்பயணக் கழகத்தினர் கூடியிருந்தனர். பேனோ கொண்டுவந்த ஊர்தியின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். இறக்கையின் அகலம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். எடை வெறும் 16 கிராம். ஒரு மெல்லிய தண்டு, அதன்கீழ் முறுக்கிய ரப்பர் இழை, நடுவில் இறக்கை, அதற்குப் பின்னே சிறு வால், கடைசியில் சுழல்விசிறி ஆகியவையே அதன் உறுப்புகள். கையை விட்டதும் அது 11 நொடிகளில் 40 மீட்டர் தொலைவு பறந்து, அமைதியாகத் தரையிறங்கியது. நூலில்லை, ஆளில்லை. சமநிலை குலையாமல் தானே பறந்த அந்த ஊர்திக்குப் பிளானோஃபோர் என்று பெயரிட்டிருந்தார்.

அது விழாமல் பறந்ததன் காரணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். வாலின் தகட்டை இறக்கையைவிடத் தாழ்ந்த கோணத்தில் பொருத்தியிருந்தார். ஊர்தியின் மூக்கு கீழே கவிழ்ந்தால் வேகம் கூடும். உடனே காற்று வாலைக் கீழ்நோக்கி அழுத்தும். மூக்கு தானே உயரும். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் வால் மேல்நோக்கித் தூக்கப்படும், மூக்கு தாழும். இறக்கையின் இரு நுனிகளையும் மேல்நோக்கி வளைத்திருந்தார். ஒரு பக்கம் சரிந்தால் ஊர்தி அப்பக்கமாக நழுவும். அப்போது தாழ்ந்த இறக்கையின்மேல் காற்று மிகுதியாக மோதி அதைத் தூக்கி நிறுத்தும். தவறு நேர்ந்த இடத்திலேயே திருத்தமும் அமைந்துவிடுகிறது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804 இலேயே வாலுடன் கூடிய மிதவை மாதிரி ஒன்றைச் செய்திருந்தார் என்பது உண்மை. ஆனால், அவர் பணியைப் பலரும் மறந்துபோயிருந்தனர். விசையும் சமநிலையும் ஒருசேர அமைந்த ஊர்தியை மக்கள் கண்ணால் கண்டது பேனோவின் கையிலிருந்துதான். அப்போது அவருக்கு வயது 21.

சிறகடித்துப் பறக்கும் பொம்மைப் பறவையையும் அவர் செய்தார். அவை யாவும் அவருக்குப் படிக்கட்டுகளே. அவர் விரும்பியது மனிதரைச் சுமக்கும் ஊர்தி. 1876 இல் பால் கோஷோ என்ற பொறிவினைஞருடன் இணைந்து அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வரைபடத்தைப் பார்ப்பவர் வியப்படையாமல் இருக்க முடியாது. இருவர் அமரும் இருக்கைகள், எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகள், ஓட்டுநரைக் காக்கும் கண்ணாடிக் கூண்டு, பறக்கும்போது உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள், நீரிலும் இறங்குவதற்கேற்ற அடிப்பகுதி, வாலின் கிடைத்தகட்டையும் சுக்கானையும் ஒருங்கே இயக்கும் ஒற்றைக் கைப்பிடி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. இன்றைய விமானங்களில் காணும் அமைப்புகள் பல 1876 இலேயே தாளில் இடம்பெற்றுவிட்டன. இல்லாதது ஒன்றுதான்: அத்தனை பளுவையும் தூக்கும் ஆற்றலும், தானே பளுவாகிவிடாத மென்மையும் கொண்ட பொறி. அக்காலத்து நீராவிப் பொறியால் அது இயலாது.

பொறி இல்லை என்பதைக் காட்டிலும் பொருள் இல்லை என்பதே அவரை வருத்தியது. எள்ளல்களும் எதிர்ப்புகளும் வந்தன, நோயும் முற்றியது. 1852 இல் நீராவியால் இயங்கும் வான்கப்பலை ஓட்டிப் புகழ் பெற்றிருந்த ஆன்றி ஜிஃபார்ட் என்பவரை நம்பினார். அந்த ஆதரவும் கிட்டாமல் போயிற்று. தம் வரைபடங்களையெல்லாம் ஒரு சிறு சவப்பெட்டியில் அடுக்கி ஜிஃபார்டின் இல்லத்தில் ஒப்படைத்தார். 1880 அக்டோபரில், முப்பதாம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. தம் உழைப்பு இறந்துவிட்டது என்று அவர் கருதினார். அது உண்மையன்று என்பதைச் சொல்ல அன்று அருகில் எவரும் இல்லை.

ஏனெனில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1878 இல், அமெரிக்காவில் மில்ட்டன் ரைட் என்னும் சமயப் பணியாளர் வெளியூர் சென்று திரும்பும்போது தம் மைந்தர்களுக்கு ஒரு பொம்மை வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் ஆகியவற்றால் ஆன அது, பேனோவின் மேலெழும் பொம்மையேதான். வில்பருக்கு வயது 11; ஆர்விலுக்கு 7. அது அறையின் கூரையில் மோதிப் படபடத்து விழுந்ததைக் கண்ட சிறுவர்கள் அதற்கு வௌவால் என்று பெயர் சூட்டினர். அது பழுதானதும் தாங்களே புதிதாகச் செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. அளவு இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்பதை அவர்கள் அன்று அறியவில்லை. சலிப்புற்றுக் காத்தாடி விடச் சென்றனர்.

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணற்பரப்பில் அவர்களுடைய விமானம் முதன்முதலாக மனிதருடன் எழுந்தபோது, 12 நொடிகளில் ஏறத்தாழ 37 மீட்டர் தொலைவைக் கடந்தது. துய்லெரி பூங்காவில் 16 கிராம் பொம்மை பறந்ததோ 11 நொடிகள், 40 மீட்டர். இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்கலாம். ஆனால், ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. பேனோ ஊர்தியைத் தானே நிலைபெறச் செய்தார். ரைட் சகோதரர்கள் ஓட்டுபவர் நொடிதோறும் அடக்கியாளும் ஊர்தியைச் செய்தனர். பின்வந்த விமானங்கள் இருவழிகளையும் இணைத்துக்கொண்டன. வால் பேனோ வைத்த இடத்திற்கே, இறக்கைக்குப் பின்னாலேயே, பெரும்பாலும் திரும்பியது. சென்னையில் விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910 இல் பல்லாவரத்தில் வானூர்தியைப் பறக்கவிட்டபோது, பேனோ மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொம்மையாகப் பிறந்த ஊர்தியோ பொம்மையாகவே தொடர்ந்து வளர்ந்தது. 1928 முதல் வேக்ஃபீல்டு கோப்பைக்காகப் பல நாட்டினரும் ரப்பர் இழை ஊர்திகளோடு போட்டியிடலாயினர். இன்றைய பன்னாட்டு விதிப்படி ஊர்தியின் எடை, ரப்பர் நீங்கலாக, 200 கிராமுக்குக் குறையக் கூடாது. ரப்பரோ 30 கிராமுக்கு மேற்படக் கூடாது. போட்டியாளர் வெப்பக் காற்று மேலெழும் இடத்தைத் தேடி, வட்டமிடும் பருந்துகளையும் புல்லின் அசைவையும் நோக்கி நெடுநேரம் காத்திருப்பார். அக்காற்றில் சிக்கிய ஊர்தி மேலேறி மறைந்துவிடவும் கூடும். அதனால், குறித்த நேரத்தில் வால் தானே நிமிர்ந்து ஊர்தியைக் கீழிறக்கும்படி ஓர் அமைப்பை உள்ளேயே வைத்துவிடுகின்றனர். முற்காலத்தில் புகைந்து எரியும் திரி அவ்வேலையைச் செய்தது. நம் நாட்டிலும் தேசிய மாணவர் படையின் வான்பிரிவு மாணவர்கள் மாதிரி வானூர்திக் கலையைப் பாடமாகவே பயில்கின்றனர். இழையை முறுக்கி, காற்றை முகர்ந்து, கையை விட்டபின் செய்வதற்கு ஒன்றே எஞ்சுகிறது: ஊர்தி செல்லும் திசையில், வயல் வரப்புகளையும் வாய்க்கால்களையும் தாண்டி, அதன் பின்னே ஓடுவது.