கடல் கடக்காமல் கடலை வரைந்த ரவிவர்மா

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் விற்கும் லட்சுமி, சரஸ்வதி படங்கள் பலவற்றின் முகச்சாயலுக்கு மூலம் ராஜா ரவிவர்மாவின் தூரிகை. சாமி படங்களால் வீடுதோறும் நுழைந்த அவர், கொந்தளிக்கும் கடலையும் வரைந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29ஆம் தேதி பிறந்தார். தாய்மாமன் ராஜராஜ வர்மாவே முதல் ஆசான். பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே இருந்த மதுரை ஓவியர் ராமசாமி நாயுடு, எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவு நேரங்களில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அப்படிக் கற்ற கலைக்கு 1873இல் வியன்னா கண்காட்சியில் விருது கிடைத்தது. 1893இல் அவருடைய 10 ஓவியங்கள் சிகாகோ சென்றன.

ஐரோப்பாவில் அதற்கு முன்பே புனைவியல் ஓவியர்கள் புயல்கடலைப் பெரும்பொருளாக்கியிருந்தனர். பிரான்சின் ஜெரிகோ 1819இல் கப்பல் உடைந்து தெப்பத்தில் தவிப்போரை வரைந்தார். இங்கிலாந்தின் டர்னர் 1842இல் பனிப்புயலில் சிக்கிய நீராவிக் கப்பலை வரைந்தார். அந்தக் கடல்கள் மனிதனின் குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை.

ரவிவர்மா எடுத்துக்கொண்டது இராமாயணக் கடல். கம்பர் வருணனை வழிவேண்டு படலத்தில் பாடிய அதே நிகழ்ச்சி. பாறைமேல் இராமன் வில்லேந்தி நிற்க, பொங்கும் அலைகளுக்கு நடுவே வருணன் எழுந்து வருகிறான். ஐரோப்பிய வண்ணத்தில் அலையின் சீற்றம் தெரிகிறது. ஆனால் இந்தக் கடல் இறுதியில் வழிவிடுகிறது.

அதை வரைந்தவரோ வாழ்நாளில் கடல் கடந்ததில்லை. உயர்குலத்தார் கடல் கடந்தால் சாதியிழப்பர் என்ற கட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஓவியங்கள் கப்பலேறின; ஓவியர் ஏறவில்லை. அதே காலத்தில்தான் நம் முன்னோர் வங்கக் கடலைக் கடந்து பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கினார்கள். அவர்களுக்காக எந்தக் கடலும் வழிவிட்டு நிற்கவில்லை.

1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம், அரண்மனைச் சுவர்களில் இருந்த தெய்வங்களை எளியோர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களும் காசு கொடுத்துச் சாமி படம் வாங்க முடிந்தது. அவருக்கோ கடன்தான் மிஞ்சியது. அச்சகத்தை ஜெர்மானியர் ஒருவரிடம் விற்றார். 1905இல், உடனிருந்து வரைந்த தம்பி ராஜராஜ வர்மாவை இழந்தார். 1906 அக்டோபர் 2ஆம் தேதி, 58 வயதில் கிளிமானூரிலேயே காலமானார்.

அடுத்த முறை கடையில் சாமி படம் வாங்கும்போது, அந்த முகங்களுக்குப் பின்னால் இருந்த ஓவியரையும் அவர் வரைந்த கடலையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.