டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சரிதம்

ஒரு பெண்மகவைப் பள்ளிக்கு அனுப்புவதாற் பெறும் பயன் ஒரு குடும்பத்தளவில் நில்லாது, நாடெங்கும் பரவும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு தக்க சான்றாகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்தவர்; தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய மரபினர். ஆடவர் பயிலும் அக்கல்லூரியிற் பெண்ணைச் சேர்த்தலாகாதென்று பெற்றோர் சிலர் தடுத்தனர். தொண்டைமான் மன்னர் அத்தடையைப் பொருட்படுத்தாது இடமளித்தார். அம்மையார் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

1927இல் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராய் அமர்ந்து, ஒருமனதாக உபதலைவராகவும் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஆங்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முற்பட்டார். கலையும் சமயமும் கெடுமென்று சிலர் எதிர்த்தனர். தம் பிழைப்பும் மதிப்பும் போமென்று தேவதாசியர் பலரும் மறுத்து விண்ணப்பித்தனர். அம்மையாரோ தீமையின் வேரை ஆராய்ந்தார். கோயில் மானிய நிலம் ஊழியத்தோடு பிணைந்திருந்தது. நிலத்தை இழவாதிருத்தற்பொருட்டே பெண்ணைப் பொட்டுக்கட்ட நேர்ந்தது. ஆகவே, அவர் முயற்சியால் 1929இல் எழுந்த சட்டம், ஊழியம் நீங்கினும் நிலம் அவர்க்கே உரியதென விதித்தது. வழக்கத்தைக் கடிந்ததோடு அமையாது, அம்மகளிரின் வயிற்றுப்பாட்டையும் நினைந்த பெருமை இதுவாகும்.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். போக்கிடமற்ற சிறுமியர்க்குத் தம் மனையிற் புகலளித்தார். அதுவே ஔவை இல்லமாய் வளர்ந்தது. பொட்டுக்கட்டுதலை அறவே விலக்கும் சட்டம் 1947இல் நிறைவேறிற்று.

தங்கையார் புற்றுநோயால் மாண்ட துயரம் நெஞ்சினின்று அகலாமையின், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார்.

அன்று அச்சிறுமிக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டிருப்பின், எத்தனை சிறுமியர் புகலின்றி நின்றிருப்பர்! எத்தனை நோயாளர் தவித்திருப்பர்! குடும்ப வழக்கமென்றும் ஊரார் பேச்சென்றும் சொல்லி மகளின் படிப்பை இடையே நிறுத்த எண்ணுவோர் நம்முள் உளரேல், அவர் இதனை ஒருமுறை சிந்திப்பாராக.