ஜூலு மக்களின் தந்தை

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் 1814-ல் பிறந்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ. வறுமையால் பள்ளியில் உதவி ஆசிரியராக வேலை பார்த்து, பின்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். அவருடைய கணக்குப் புத்தகங்கள் பெயர் பெற்றவை. 1853-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக நியமிக்கப்பட்டார்.

அங்கு ஜூலு மொழி கற்று, இலக்கணமும் அகராதியும் எழுதினார். பைபிளை மொழிபெயர்க்கும்போது, உதவியாளரான வில்லியம் நிகிடி என்ற ஜூலுக்காரர், நோவா காலத்து வெள்ளம் மெய்யாகவே நடந்ததா என்று கேட்டார். தாம் நம்பாததை மெய்யென்று சொல்லப் பிஷப்புக்கு மனம் வரவில்லை. மோசேயின் ஆகமங்களைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். அவற்றின் எண்ணிக்கைகள் பொருந்தவில்லை என்று 1862-ல் நூல் வெளியிட்டார்.

திருச்சபை கொதித்தது. 1863-ல் கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே அவரைப் பதவி நீக்கம் செய்தார். 1865-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. இந்த வழக்கும் ஒரு காரணமாக, உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் முதல் மாநாடு 1867-ல் லண்டன் லாம்பெத் மாளிகையில் கூடியது.

1874-ல் ஆப்பிரிக்கத் தலைவர் லங்கலிபலேலே முறையான விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டார். கொலென்சோ அவருக்காக வாதாடினார். அதனால் நெடுநாள் நண்பரான அதிகாரி ஷெப்ஸ்டனின் நட்பை இழந்தார். வெள்ளையரின் பகையையும் தேடிக்கொண்டார்.

1883-ல் அவர் காலமானார். ஜூலு மக்கள் அவருக்கு இட்ட பெயர் சோபாண்டு. மக்களின் தந்தை என்று அதற்குப் பொருள்.