அரசு வேலையை உதறியவருக்குச் சோறு போட்ட அரிச்சுவடி... யார் இந்த ஈஸ்வர சந்திர வித்யாசாகர்?

2019 மே 14. மக்களவைத் தேர்தலின் கடைசிக்கட்ட வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருந்தன. கொல்கத்தாவில் நடந்த பாஜக பேரணியின்போது மோதல் வெடித்தது. அந்தக் களேபரத்தில் வித்யாசாகர் கல்லூரிக்குள் இருந்த மார்பளவுச் சிலை ஒன்று உடைக்கப்பட்டது. உடைத்தது யார் என்று பாஜகவும் திரிணாமுல் காங்கிரஸும் மாறி மாறி குற்றம்சாட்டின. மேற்கு வங்கமே கொந்தளித்தது. அடுத்த மாதமே புதிய சிலை வைக்கப்பட்டது.

128 வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோன ஒருவருக்காக ஏன் இவ்வளவு கோபம்? நம்ம ஊரில் விதவை மறுமணத்துக்காகப் போராடியவர் என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்திருப்போம். ஆனால், வங்காளிகளுக்கு அவர் முதலில் ஒரு வாத்தியார். தலைமுறை தலைமுறையாக அங்கே பிள்ளைகள் எழுத்து கற்றது அவர் எழுதிய புத்தகத்தில்தான்.

மைல்கல்லில் படித்த சிறுவன்

1820 செப்டம்பர் 26-ல் வீர்சிங்கா கிராமத்தில் பிறந்தார் ஈஸ்வர சந்திரர். இன்றைய மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அப்பா தாகுர்தாஸ், கொல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அம்மா பகவதி தேவி. கஷ்ட ஜீவனம்.

எட்டு வயதில் மகனைப் படிக்கவைக்க கொல்கத்தாவுக்கு நடத்தியே கூட்டிப்போனார் அப்பா. வழியில் அம்மிக்கல் மாதிரி நட்டுவைத்திருந்த கற்களைப் பார்த்த பையன், அது என்னவென்று கேட்டான். மைல்கல், அதில் ஆங்கிலத்தில் எண் இருக்கிறது என்றார் அப்பா. அவ்வளவுதான், 19-ல் ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான்.

நிஜமாகவே தெரிந்துகொண்டானா என்று சோதிக்க நினைத்த அப்பா, 6-ம் எண் கல்லைக் கடக்கும்போது பையனின் கவனத்தைத் திருப்பிவிட்டு, அடுத்த கல்லைக் காட்டிக் கேட்டார். இது 6 என்று இருக்கணும், தப்பாக 5 என்று செதுக்கிவிட்டார்கள் என்றான் பையன். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

கொல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் 12 வருஷம் படித்தார். அங்கே கிடைத்த 'வித்யாசாகர்', அதாவது கல்விக்கடல் என்ற பட்டமே கடைசியில் பெயராக நிலைத்தது. 1841-ல் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் 50 ரூபாய் மாதச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதர் ஆனார். இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது.

600 ரூபாய் கடனில் ஓர் அச்சகம்

1846-ல், தான் படித்த சமஸ்கிருதக் கல்லூரிக்கே உதவிச் செயலாளராகப் போனார். பாடத்திட்டத்தை மாற்ற அவர் கொடுத்த யோசனைகளை மேலதிகாரி ஏற்கவில்லை. 1847-ல் வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்துவிட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம், உருளைக்கிழங்கு விற்றாவது பிழைத்துக்கொள்கிறேன் என்றாராம்.

விற்றது உருளைக்கிழங்கு இல்லை, புத்தகம். நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரோடு சேர்ந்து, 600 ரூபாய் கடன் வாங்கி 'சமஸ்கிருத அச்சகம்' தொடங்கினார். பாரதசந்திரரின் 'அன்னதாமங்கல்' என்ற வங்காளக் காவியத்தைப் பிழையில்லாமல் அச்சிட்டார்கள். ஃபோர்ட் வில்லியம் கல்லூரி பிரதி 6 ரூபாய் என்று 100 பிரதிகளை வாங்கிக்கொண்டது. ஒரே ஆர்டரில் கடன் அடைந்துபோனது.

பின்னாளில் அரசாங்கத்தின் முகத்துக்கு நேராக நிற்கும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பாதி பதில் இந்த அச்சகத்தில் இருக்கிறது.

புரியாத மொழியில் இலக்கணம்

அந்தக் காலத்தில் சமஸ்கிருத இலக்கணத்தைச் சமஸ்கிருதத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஒரு மொழி தெரியாத பிள்ளைக்கு, அந்த மொழியின் இலக்கணத்தை அதே மொழியில் எழுதிய சூத்திரங்களாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அர்த்தம் புரியாமல் வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்வதுதான் நடந்தது.

1851-ல் அதே கல்லூரிக்கு முதல்வராகத் திரும்பி வந்தவர், சமஸ்கிருத இலக்கணத்தை எளிய வங்காளத்தில் விளக்கும் 'உபக்ரமணிகா' நூலை எழுதினார். உலக விஷயங்களைச் சிறுவர்களுக்குச் சொல்லும் 'போதோதய்' நூலும் அதே வருஷம் வந்தது. வங்காள உரைநடையில் கமா போன்ற நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவரும் ஒருவர். மூச்சுவிட இடமில்லாமல் ஓடிய வாக்கியம், பிள்ளைகளும் படிக்கிற மாதிரி ஆனது.

பிராமணர், வைத்தியர் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த அந்தக் கல்லூரியை முதலில் காயஸ்தருக்கும், பிறகு மரியாதையான இந்துக் குடும்பங்கள் என்று கருதப்பட்டவர்களுக்கும் திறந்துவிட்டார். ஆனால், அந்த வரையறையே இன்னும் பலரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதும் உண்மை.

16 எழுத்து 12 ஆன கதை

1855-ல் ஹூக்ளி, பர்த்வான், மேதினிப்பூர், நதியா என 4 மாவட்டங்களுக்குப் பள்ளி ஆய்வாளர் பொறுப்பும் வந்தது. மாவட்டத்துக்கு 5 வீதம் 20 மாதிரிப் பள்ளிகளைத் திறந்தார். பள்ளிக்கூடம் ரெடி. பாடப்புத்தகம்? பள்ளிகளைப் பார்க்கப் போகும் வழியில் பல்லக்கில் உட்கார்ந்தபடியே எழுதினார் என்று சொல்வார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'வர்ணபரிசய்'. எழுத்து அறிமுகம் என்று அர்த்தம். இரண்டு பாகங்களும் 1855-லேயே வெளிவந்தன.

வங்காள அரிச்சுவடிகள் அதற்கு முன்பும் இருந்தன. நண்பர் மதன்மோகனே 1849-ல் ஒன்று எழுதியிருந்தார். வித்யாசாகர் கைவைத்தது எழுத்துப் பட்டியலிலேயே.

அதுவரை 16 உயிரெழுத்து, 34 மெய்யெழுத்து என 50 எழுத்துகள். இதில் நெடில் 'ரூ', நெடில் 'லூ' என்ற இரண்டும் சமஸ்கிருதத்துக்கு உரியவை. வங்காளத்தில் புழக்கமே இல்லை. அவற்றைத் தூக்கினார். 'அம்', 'அஹ்' இரண்டையும் மெய்யெழுத்துப் பக்கம் நகர்த்தினார். உயிரெழுத்து 12 ஆனது. 'க'வும் 'ஷ'வும் சேர்ந்த 'க்ஷ' தனி எழுத்து இல்லை, கூட்டெழுத்து என்று பட்டியலிலிருந்து எடுத்தார். வங்காளிகள் தினமும் பேசும் ஒலிகளுக்கான சில எழுத்துகளுக்குத் தனி இடம் கொடுத்தார். பிள்ளையின் வாயில் எது வருகிறதோ, அதுதான் புத்தகத்தில் இருக்கணும் என்பதே கணக்கு.

பாடம் சொல்லும் வரிசையும் மாறியது. முதலில் எழுத்து. அடுத்து குறியீடுகள் எதுவும் சேராத குட்டிச் சொற்கள். அப்புறம் கால், கொம்பு சேர்ந்த சொற்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்கள். பிள்ளைகளை மிரட்டும் கூட்டெழுத்துகள் இரண்டாம் பாகத்துக்குப் போயின.

கோபாலும் ராக்காலும்

முதல் பாகத்தில் இரண்டு பையன்கள் வருவார்கள். சொன்ன பேச்சு கேட்கிற சமர்த்துப் பிள்ளை கோபால். படிக்காமல் ஊர்சுற்றுகிற ராக்கால். இரண்டாம் பாகத்தில் புவன் என்றொருவன். சின்ன வயதில் அவன் திருடியபோது கண்டிக்காத சித்தி, கடைசியில் தூக்குத்தண்டனைக்கு முன் அவனைப் பார்க்க வருகிறார். ரகசியம் சொல்வதுபோல நெருங்கி, அவர் காதையே கடித்துவிடுகிறான் புவன். இன்றைய அரிச்சுவடியில் இப்படி ஒரு கதை வந்தால் பெற்றோர் சும்மா இருப்பார்களா என்ன!

பிள்ளைகளைக் கீழ்ப்படிதலிலேயே வளர்க்கிறது என்ற விமர்சனமும் இந்தப் புத்தகத்தின்மீது உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வித்யாசாகரே சின்ன வயதில் கோபால் மாதிரி இல்லை, ராக்கால் மாதிரிதான் இருந்தார் என்று பின்னாளில் எழுதினார் ரவீந்திரநாத் தாகூர். பெரியவரான பிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. அடுத்து நடந்ததே அதற்குச் சாட்சி.

35 பெண்கள் பள்ளிகள்

1857 நவம்பர் முதல் 1858 மே வரை, ஏழே மாதங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார் வித்யாசாகர். சுமார் 1,300 சிறுமிகள் சேர்ந்தார்கள். அரசு பணம் கொடுக்கும் என்று நம்பித்தான் இறங்கினார். ஆனால், முன் அனுமதி வாங்கவில்லை என்று கேள்வி வந்தது. சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. நிரந்தர நிதி தர அரசு மறுத்துவிட்டது. கல்வித்துறை இயக்குநரோடும் ஏற்கெனவே உரசல்.

1858-ல் மாதம் 500 ரூபாய் வந்த வேலையை ராஜினாமா செய்தார். அன்றைக்கு ஓர் இந்தியருக்கு அது பெரிய சம்பளம். இரண்டாவது முறையாக உதறினார். இந்த முறை கையில் 'வர்ணபரிசய்' இருந்தது. பள்ளிகளை அப்படியே விட்டுவிடவும் இல்லை. சந்தா திரட்டி, கைக்காசும் போட்டு முடிந்தவரை நடத்தினார்.

புத்தகக் காசு எங்கே போச்சு?

அவர் போராடியதன் பலனாக 1856 ஜூலையில் விதவை மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? ஊர் ஒதுக்கிவைக்கும் என்று தெரிந்தும் யார் முன்வருவார்? அந்த வருஷம் டிசம்பரில் முதல் திருமணத்தை முன்நின்று நடத்தினார். அடுத்தடுத்த பல திருமணங்களுக்கும் செலவு அவருடையதே. 1870-ல் சொந்த மகனே ஒரு விதவையைக் கைப்பிடித்தார்.

உதவுகிறோம் என்று சொன்ன பலர் பின்வாங்க, கடன் கழுத்தைப் பிடித்தது. அச்சகத்தின் பங்குகளையே விற்கவேண்டி வந்தது. அப்படியும், ஆங்கிலேயப் பேராசிரியர்கள் இல்லாமல் இந்தியர்களே ஒரு கல்லூரியை நடத்த முடியும் என்று காட்ட, மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூஷனை வளர்த்தெடுத்தார். 1891 ஜூலை 29-ல் காலமானார். 1917-ல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2019-ல் சிலை உடைந்த வித்யாசாகர் கல்லூரி அதுதான்.

சிலையைச் சில வாரங்களில் திரும்ப வைத்துவிட்டார்கள். அவர் நீக்கிய அந்த இரண்டு எழுத்துகள்? 170 வருஷமாகியும் வங்காளப் பிள்ளைகள் அவற்றைப் படிக்காமலேயே எழுத்து கற்றுக்கொள்கிறார்கள்.