படகோட்டி வகுத்த கணக்கு

குத்துச்சண்டை மேடையிலே ஒருவன் வீழ்கிறான். வீழ்த்தியவன் மறுபடி பாய்ந்து தாக்க முடியாது. நடுநிலை மூலைக்கு அவன் விலகியாக வேண்டும். நடுவர் கையை உயர்த்தி எண்ணுகிறார். பத்து முடிவதற்குள் பிறர் துணையின்றி எழுந்து நின்றால் சண்டை தொடரும், எழாவிட்டால் தோல்வி. உடனே எழுந்தவனைக்கூட, எட்டு எண்ணி முடியும்வரை மோதவிடாமல், அவன் கண்ணையும் காலையும் நடுவர் கவனிப்பது இன்று பெரும்பாலான மேடைகளிலே வழக்கம். ஓங்கிய கரத்தை ஓர் எண்ணிக்கை தடுத்து நிறுத்துகிறது!

வீழ்ந்தவனுக்கு அவகாசம் உண்டு என்ற இந்த நீதிக்கு முதன்முதலாக எழுத்து வடிவம் தந்தவர் யார்? மன்னரா? மந்திரியா? அல்ல, தோழர்களே! துடுப்புப் பிடித்துப் பிழைத்த படகோட்டி ஒருவர். ஜாக் பிராட்டன் என்பது அவர் பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தில் பிறந்தவர். இலண்டன் மாநகரிலே, தேம்ஸ் ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். துடுப்புப் போட்டவன் தோளின் உரம் எத்தகையது என்பதைக் காவிரிக்கரைப் பள்ளிபாளையத்துத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1730ஆம் ஆண்டு, இளம் படகோட்டிகளுக்கான புகழ்பெற்ற போட்டியிலே வென்று, சிவப்பு மேலங்கியும் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

அதே தோள்வலி அவரைச் சண்டைமேடைக்கு அழைத்துச் சென்றது. அந்நாளில் கையுறை இல்லை. எடைப் பிரிவு இல்லை. கீழே கிடப்பவனை அடிக்காதே என்று எழுதிவைத்த சட்டமும் இல்லை. பந்தயம் கட்டியவர்கள் பிரபுக்கள். இரத்தம் சிந்தியவர்கள் ஏழைகள். 1741இல் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்ற வண்டியோட்டியோடு மோதி வென்றார் பிராட்டன். அந்த வண்டியோட்டி சில நாட்களில் மாண்டார் என்றும், வென்றவர் நெஞ்சிலே அது முள்ளாய்த் தைத்தது என்றும் கூறுவர்.

1743 ஆகஸ்டு 16. தமது அரங்கிலே ஏழு விதிகளை அறிவித்தார் பிராட்டன். வீழ்ந்தவனை அடிக்கலாகாது. மண்டியிட்டவனும் வீழ்ந்தவனே. இடுப்புக்குக் கீழே பிடிக்கலாகாது. வீழ்ந்தவனுக்கு அரை நிமிட அவகாசம். அதற்குள் மேடை நடுவே வரையப்பட்ட கட்டத்தின் ஓரத்துக்கு அவன் வந்து நின்றாக வேண்டும், அவனுடைய துணைவன் தாங்கிக் கொண்டுவரலாம். வராவிட்டால் தோற்றவன். இன்றைய பத்து எண்ணிக்கைக்கு மூத்தது இந்த அரை நிமிடம்.

இன்னொரு விதியைத் தொழிலாளத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வசூலில் மூன்றில் இரண்டு பங்கு வென்றவனுக்கு. அந்தப் பணத்தை மேடைமேலேயே, எல்லோரும் காணப் பங்கிட வேண்டும். மறைவிலே செய்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது! கூலிக் கணக்கு இருட்டிலே நடக்கக் கூடாது என்பதை அன்றே கண்டவர் அவர்.

பயில வந்த சீமான் வீட்டுப் பிள்ளைகளின் முகம் வீங்காதிருக்க மெத்தென்ற கையுறையும் தந்தார். ஆனால் பணத்துக்காகப் போரிட்டவன் வெறுங்கையோடுதான் நின்றான்!

1750 ஏப்ரலில் ஜாக் ஸ்லாக் என்ற கசாப்புக்காரரோடு மோதினார் பிராட்டன். இரு கண்களுக்கும் நடுவே விழுந்தது ஓர் அடி. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியவில்லை. பதினான்கு நிமிடத்தில் சண்டை முடிந்தது. அவரை ஆதரித்த கம்பர்லாந்துக் கோமகன் அரசரின் மைந்தன். பந்தயத்தில் பத்தாயிரம் பவுன் இழந்தாராம். பிராட்டன் துரோகம் செய்ததாகக் குமுறினாராம். பார்வை இழந்து நின்றவனுக்கு அந்தப் பெருமகன் அரை நிமிடப் பரிவுகூடக் காட்டவில்லை. அரங்கின் கதவும் அடைபட்டது. எனினும் பிராட்டன் மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1789 ஜனவரியில்தான் மறைந்தார்.

அவர் வகுத்த விதி வளர்ந்தது. 1867இல் வெளிவந்த விதிகள் பத்து விநாடி என்று வரையறுத்தன. பிறர் உதவி கூடாது என்றன. எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். பெயரோ குவீன்ஸ்பெரி பிரபுவுக்கு! 1927 செப்டம்பர் 22, சிகாகோ நகரில் ஜீன் டன்னியை வீழ்த்திய ஜாக் டெம்ப்சி, மூலைக்கு விலகாமல் அருகிலேயே நின்றார். அவர் விலகிய பிறகே நடுவர் எண்ணத் தொடங்கினார். டன்னிக்குச் சுமார் பதினான்கு விநாடி கிடைத்தது, எழுந்தார், வென்றார். வீழ்த்தியவன் விலகி நின்றால்தான் கணக்கே தொடங்கும் என்பதை உலகம் கண்டது. வெள்ளையர் காலத்தில் சென்னைக்கு வந்த இதே கலையை, வடசென்னை உழைப்பாளிகள் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று தமதாக்கிக் கொண்டனர்.

விளையாட்டுக் கதை எதற்கு என்று கேட்கலாம். கேட்கட்டும்! நோயால், முன்பணக் கடனால் வீழும் விசைத்தறித் தோழனுக்கு எத்தனை விநாடி தருகிறோம் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டம் அத்தகைய ஓர் எண்ணிக்கைதான். நோயுற்றவனுக்கு எழுந்துவர அவகாசம் அது. ஆனால் சின்னஞ்சிறு பட்டறைகளிலே நிற்கும் பலருக்கு அது எட்டவில்லை. அவர்கள் வீழ்ந்தால் எண்ணுவார் இல்லை. கடன் கொடுத்தவனும் மூலைக்கு விலகுவதில்லை.

பிராட்டன் பெயர் பொறித்த கல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே இருக்கிறது. குத்துச்சண்டை வீரர் என்ற சொல் புனித இடத்துக்குப் பொருந்தாது என்று அன்றைய குரு மறுத்ததால், அந்தக் கல்லிலே ஓர் இடம் வெறுமையாகவே விடப்பட்டது என்பர். 1988இல்தான் இங்கிலாந்தின் தலைசிறந்த சண்டை வீரர் என்ற பட்டம் அதிலே பொறிக்கப்பட்டது. மறைந்து 199 ஆண்டுகள் கழித்து! வீழ்ந்தவனுக்கு அரை நிமிடம் தந்த உழைப்பாளிக்கு, உரிய பெயரைத் தர உயர்ந்தோர் எடுத்துக்கொண்ட காலம் அது. நம் தோழர்களை அத்தனை காலம் காக்கவைக்க நாம் ஒப்போம்.